கெடுவைக் கணக்கிடும் ஃபார்முலா: ஷீட்டா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்டா, ஸ்மார்ட்ஷீட்டா?

"வேலைப் பட்டியல் இருக்கு. எது பிந்துதுன்னு தானா சிவப்பு காட்டணும். அதுக்கு எக்செல் போதுமா, இல்ல சாஃப்ட்வேர் வாங்கணுமா?" புதுச்சேரி சேதராப்பட்டில் தொழிற்கூடம் வைத்திருப்பவர்கள், கடலூர் குடிகாடு சிப்காட்டில் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) எடுக்கும் காண்ட்ராக்டர்கள், புதுச்சேரியில் பத்துப் பேர் கொண்ட மென்பொருள் குழுக்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் எதில் ஃபார்முலா எழுதுவது சுலபம் என்றுதான் ஒப்பிடுகிறார்கள். நான் வேறொன்றை முதலில் பார்க்கச் சொல்வேன். உங்கள் வேலைநாள் எது, விடுமுறை எது என்பதை அந்தக் கருவிக்குச் சரியாகச் சொல்ல முடியுமா? அது முடியாவிட்டால், எவ்வளவு அழகான ஃபார்முலாவும் தப்பான நிறத்தைத்தான் காட்டும்.

## ஒப்பிடும் முன் ஒரு கணக்கு

2024 ஆகஸ்ட் 12 திங்கள் தொடங்கி ஆகஸ்ட் 21 புதன் முடியும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். நாள்காட்டியில் எண்ணினால் 10 நாள். எக்செலின் சாதாரண நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) ஃபார்முலா சனி, ஞாயிறு இரண்டையும் கழித்து 8 என்று சொல்லும். நம் ஊர்ப் பட்டறைகளில் சனிக்கிழமை வேலை உண்டு. அப்போது 9 ஆக வேண்டும். நடுவே ஆகஸ்ட் 15 வருகிறது, 8. கடலூருக்கு அதுதான் விடை.

புதுச்சேரிக்கு 7. 1962-இல் பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்த ஆகஸ்ட் 16-உம் அங்கே விடுமுறை. நவம்பர் 1 விடுதலை நாளும் அப்படித்தான். எல்லையைத் தாண்டினால் காலெண்டர் மாறிவிடுகிறது.

இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. சாதாரண ஃபார்முலாவும் 8 சொன்னது, கடலூரின் சரியான விடையும் 8. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான எண்ணைத் தந்திருக்கின்றன. அதை வைத்து ஃபார்முலா சரி என்று நம்பிவிட்டால், அடுத்த மாதமே எண் விலகும், காரணம் பிடிபடாது.

ஆகவே எந்தக் கருவியையும் நான் இந்தக் கேள்விகளால்தான் எடைபோடுகிறேன்:

- ஞாயிறு மட்டும் லீவு, இரண்டாம் சனி லீவு, இரண்டு ஊருக்கு இரண்டு பட்டியல் ஆகியவற்றைச் சொல்ல முடியுமா?
- ஒரு வேலை தள்ளிப்போனால் அதை நம்பியிருக்கும் வேலைகள் தானாகத் தள்ளுமா?
- 'இன்று' மாறும்போது நிறமும் மாறுமா, யாராவது திறந்தால்தான் மாறுமா?
- ராத்திரி பத்து மணிக்கு மழை லீவு அறிவித்தால், அதைச் சேர்க்க யாரால் முடியும்?
- முதலில் ஒப்புக்கொண்ட கெடு அழியாமல் இருக்குமா?
- ஃபார்முலா கெட்டால் கண்ணுக்குத் தெரியுமா, மறைந்துகொள்ளுமா?

விலை இந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

## எக்செல், கூகுள் ஷீட்ஸ்

காலெண்டர் விஷயத்தில் பலரும் நினைப்பதைவிட இவை கெட்டி. நெட்வொர்க்டேஸ்.இன்டல் (NETWORKDAYS.INTL) என்ற ஃபார்முலாவில் மூன்றாவது இடத்தில் 11 என்று போட்டால் ஞாயிறு மட்டும் விடுமுறை. நான்காவது இடத்தில் விடுமுறைப் பட்டியலைக் காட்ட வேண்டும். 'இடம்' என்று ஒரு நெடுவரிசை வைத்து, கடலூர் என்றால் ஒரு பட்டியல், புதுச்சேரி என்றால் இன்னொன்று என்று இஃப் (IF) போட்டுவிடலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இது வேலை செய்யும். காசில்லாத லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இந்த ஃபார்முலா உண்டு.

இரண்டாம் சனியை ஃபார்முலாவுக்குள் நேரடியாகச் சொல்ல வழியில்லை. அதை விடுமுறைப் பட்டியலில் தேதியாகச் சேர்க்க வேண்டும். கையால் எண்ண வேண்டாம். வொர்க்டே.இன்டல் (WORKDAY.INTL) ஃபார்முலாவில் மாதத்தின் முதல் தேதிக்கு முந்தைய நாளைக் கொடுத்து, நாள் எண்ணிக்கை 2, வார அமைப்பு "1111101" என்று போடுங்கள். அந்த ஏழு இலக்கம் திங்களில் தொடங்குகிறது. 1 என்றால் லீவு, 0 என்றால் வேலை. சனி மட்டும் வேலைநாள் என்று ஏமாற்றுவதால் இரண்டாவது சனிக்கிழமையின் தேதி வந்து நிற்கும். பன்னிரண்டு மாதத்துக்கும் இழுத்துவிட்டால் ஆண்டுக் கணக்கு முடிந்தது.

இப்படிப் பட்டியலில் வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. 2024 தீபாவளிக்கு மறுநாள் நவம்பர் 1-ஐத் தமிழக அரசு விடுமுறையாக்கி, ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமையை வேலைநாளாக அறிவித்தது. அது இரண்டாம் சனி. பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்து ஒரு வரியை நீக்கினால் போதும், ஃபார்முலாவைத் தொட வேண்டியதில்லை. ஆருத்ரா தரிசனம் போன்ற உள்ளூர் விடுமுறைகளுக்கு ஈடாக வரும் சனிக்கிழமைகளுக்கும் இதே வழி.

முடியும் தேதியைக் கண்டுபிடிக்க வொர்க்டே.இன்டல் போதும். ஆனால் தொடங்கும் நாளை அது எண்ணாது. தொடக்கத் தேதியில் ஒரு நாள் கழித்துக் கொடுங்கள். ஆகஸ்ட் 12-இல் தொடங்கும் 7 நாள் வேலைக்கு 11-ஆம் தேதியைக் கொடுத்தால், புதுச்சேரிப் பட்டியலில் 21 என்று சரியாக வரும்.

பிந்துகிறதா என்று அறிய, 'இந்நேரம் எவ்வளவு முடிந்திருக்க வேண்டும்' என்ற சதவீதம் வேண்டும். தொடக்கத்திலிருந்து நேற்று வரையான வேலைநாளை மொத்த வேலைநாளால் வகுங்கள். இன்றையும் சேர்த்தால் காலை பத்து மணிக்கே இன்றைய வேலை முடிந்ததாகக் கணக்காகி, வீணாகச் சிவப்பு எரியும். இன்னும் தொடங்காத வேலைக்கு மைனஸ் வரும், முடிந்துபோன கெடுவுக்கு நூறைத் தாண்டும். 0, 1, வந்த விடை மூன்றையும் மீடியன் (MEDIAN) ஃபார்முலாவுக்குள் போட்டால் நடு எண் மட்டும் வெளியே வரும். இரண்டு எல்லையும் ஒரே அடியில் அடங்கிவிடும்.

இனி மறைந்திருக்கும் செலவு. தேதியில்தான் முதல் அடி விழும். கூகுள் ஷீட்டின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 05/08 என்று நீங்கள் அடித்த ஆகஸ்ட் 5, மே 8 ஆகிவிடும். 15/08 என்றால் பதினைந்தாவது மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி மாறியும் பாதி எழுத்தாகவும் கிடக்கும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது எழுத்து, வலப்பக்கம் ஒட்டினால் தேதி. ஃபைல் அமைப்பில் போய் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றுங்கள். நேர மண்டலத்தையும் அங்கேயே பாருங்கள். அது கலிஃபோர்னியாவாக இருந்தால் நம் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30 வரை ஷீட்டுக்கு இன்னும் நேற்றுதான். காலை மீட்டிங்கில் பச்சையாக இருந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பாவதன் மர்மம் பல இடங்களில் இதுதான்.

அடுத்தது, யாராவது ஃபார்முலா இருந்த செல்லில் கையால் ஒரு தேதியை அடித்துவிடுவது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஃபார்முலா நெடுவரிசைகளைப் பூட்டாமல் ஷீட்டைப் பகிராதீர்கள்.

மூன்றாவது, சங்கிலி வேலைகள். முந்தைய வேலை முடிந்த மறு வேலைநாளில் அடுத்தது தொடங்கும் என்று எழுதுவது எளிது. இரண்டு வேலைகளை நம்பியிருந்தால் பிந்தைய தேதியை எடுக்க மேக்ஸ் (MAX) போடலாம். அதற்கு மேல் போனால் ஃபார்முலா நீண்டு, எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் புரியாது. சுமார் நாற்பது ஐம்பது வேலை வரை, பெரும்பாலும் தனித்தனியாக நடப்பவை என்றால் ஷீட்டே நல்லது. மென்பொருள் குழு, அச்சகம், உள் அலங்கார வேலை, கல்யாண ஏற்பாடு செய்பவர்கள் எல்லாருக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

## மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்

இங்கே ஃபார்முலாவைவிடப் பெரிய விஷயம், ஃபார்முலா இல்லாமலே தேதிகள் நகர்வது. சாரம் கட்டி, பழைய பைப்பை வெட்டி, வெல்டிங் முடித்து, எக்ஸ்ரே எடுத்து, ஹைட்ரோ டெஸ்ட் போட்டு, அப்புறம்தான் பெயின்ட். எக்ஸ்ரேயில் ஒரு ஜாயின்ட் தேறவில்லை என்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் தள்ளும். எந்த வேலைக்குப் பின் எது என்ற இணைப்பைக் கொடுத்துவிட்டால் அது தானே நடக்கும். ஷட்டவுன் வேலை மணிக்கணக்கில், ஷிப்டுக் கணக்கில் ஓடும். ஷீட்டின் வேலைநாள் ஃபார்முலாக்களுக்கு நாள்தான் தெரியும். புராஜெக்ட் உள்ளே நிமிடத்தில் கணக்கு வைக்கிறது, 24 மணி நேர காலெண்டரும் தயாராகவே இருக்கிறது.

காலெண்டர் விஷயத்தில் இதற்கு நிகர் இல்லை. மாதந்தோறும் இரண்டாம் சனி விடுமுறை என்று ஒரே வரியில் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட சனி மட்டும் வேலை என்றும் சொல்லலாம். கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று இரண்டு காலெண்டர் வைத்து, வேலைக்கோ ஆளுக்கோ மாட்டலாம். ஆனால் இதை நீங்கள் செய்ய வேண்டும். வாங்கியவுடன் இருக்கும் ஸ்டாண்டர்டு காலெண்டர் திங்கள் முதல் வெள்ளி, நாளுக்கு எட்டு மணி நேரம். அதைத் தொடாமலே ஓட்டுகிற சைட்டுகள் நிறைய.

சொந்த ஃபார்முலாவை கஸ்டம் ஃபீல்டில் எழுதுகிறோம். டெக்ஸ்ட் 30, நம்பர் 20, ஃபிளாக் 20 என்று காலி இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஃபார்முலா போட்டு, விடைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் காட்டச் செய்யலாம். தடுக்கி விழும் இடங்கள் இவை:

இரு தேதிகளின் வித்தியாசத்தைத் தரும் புராஜ்டேட்டிஃப் (ProjDateDiff) ஃபார்முலா நிமிடத்தில் விடை தரும். 480-ஆல் வகுத்தால் எட்டு மணி நேர நாள். உங்கள் நாள் ஒன்பது மணி நேரம் என்றால் 480 பொய் சொல்லும், நாளுக்கான நிமிட ஃபீல்டால் (Minutes Per Day) வகுப்பதே பத்திரம். எந்தக் காலெண்டர் என்பதையும் மூன்றாவது இடத்தில் பெயரோடு எழுதிவிடுங்கள், அதன் ஊகத்துக்கு விடாதீர்கள்.

முதலில் ஒப்புக்கொண்ட தேதிகளைப் பதிந்து வைப்பதுதான் பேஸ்லைன். அதைப் போடாத வேலைக்கு அந்த இடத்தில் தேதி இருக்காது. அதைத் தனியாகச் சோதிக்காமல் கழித்தால் அபத்தமான எண் வரும். பல வேலைகளைத் தனக்குக் கீழே அடக்கிய தலைப்பு வேலைகளுக்கு ஃபார்முலா தானாக ஓடாது, அதே பெட்டியில் 'ஃபார்முலாவைப் பயன்படுத்து' என்று தனியே தேர்வு செய்ய வேண்டும். உள்ளே ஐந்து வேலை சிவப்பாக இருக்க, சுருக்கிவைத்த தலைப்பு வெறுமையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார், மேலே ஒண்ணுமே காட்டலையே, எல்லாம் சரிதானே?" என்று ஃபோர்மேன் கேட்பார். அவர் மேல் தப்பில்லை.

இன்னொரு எல்லை ஷீட்டிலிருந்து வருபவர்களை மலைக்க வைக்கும். ஒரு வேலையின் ஃபார்முலா அந்த வேலையின் தகவலை மட்டுமே எடுக்கும். மேல் வரியில் உள்ள வேலையின் முடிவுத் தேதியை எடு என்று எழுத முடியாது. அதற்கு இணைப்பு, தொகுப்பு, இல்லையென்றால் மேக்ரோ.

பேஸ்லைனுக்காகவே இதை வாங்கலாம் என்று நான் நினைக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கம் ஊர்கள் மூழ்கின. அந்த நாட்களை விடுமுறையாகச் சேர்த்ததும் புதிய கெடு தள்ளிப் போகும், அது நியாயம். ஆனால் கூடுதல் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதும்போது, முதலில் ஒப்புக்கொண்ட தேதி எது, எத்தனை நாள் மழையால் போனது, எத்தனை நாள் நம் தாமதம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பேஸ்லைன் முதல் தேதியை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஷீட்டில் விடுமுறை ஒன்றைச் சேர்த்த நொடியில் பழைய கணக்கு முழுதும் ஓசையில்லாமல் மாறி, நேற்றுவரை பிந்திய வேலை இன்று சரியான நேரத்தில் நடப்பதுபோல் காட்டும். ஷீட்டே போதும் என்று முடிவெடுப்பவர்கள், 'முதல் கெடு' என்று ஒரு நெடுவரிசையை ஃபார்முலா இல்லாமல் வெறும் தேதியாக ஒட்டிப் பூட்டி வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: இந்த ஃபார்முலாக்கள் உள்ள டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும். அதில் ஃபைலைத் திறந்து திருத்த ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதால் சைட்டுக்குப் போவது பிடிஎஃப் நகல்தான். கஸ்டம் ஃபீல்டு அந்த ஃபைலோடு நின்றுவிடும், அடுத்த வேலைக்கு ஆர்கனைசர் என்ற பெட்டி வழியாக நகல் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இதை ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால் திட்டமும் நின்றுவிடும்.

## ஸ்மார்ட்ஷீட்

இது இணையத்தில் ஓடும் திட்ட மென்பொருள். பார்க்க ஷீட், நடத்தையில் பாதி புராஜெக்ட். இணைப்பு உண்டு, போனில் அப்டேட் செய்யலாம். ஃபார்முலாவை நெடுவரிசை முழுவதுக்கும் ஒரே அடியாகப் போட்டால், அதில் யாரும் ஒற்றைச் செல்லில் கைவைத்துக் கெடுக்க முடியாது. இந்த ஒரு வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இணைப்புகளை இயக்கியதும், தொடக்க, முடிவுத் தேதி நெடுவரிசைகளில் ஃபார்முலா எழுத முடியாது. தேதிகளை அதுவே கணக்கிடும். அப்புறம், இன்றைய தேதியைத் தரும் டுடே (TODAY) ஃபார்முலா ஷீட்டை யாராவது திறந்தாலோ மாற்றினாலோதான் புதிதாகும். மூன்று நாள் யாரும் தொடாத ஷீட்டிலிருந்து போகும் எச்சரிக்கை மெயில் மூன்று நாள் பழைய நிறத்தைத்தான் நம்பும். தினமும் காலையில் ஒரு செல்லில் தேதியை எழுதும் தானியங்கி வேலை ஒன்றை அமைத்தால் சரியாகிவிடும். அமைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

லீவு நாட்களை ஷீட்டின் புராஜெக்ட் அமைப்பில் வைக்கிறோம். இரண்டு ஊருக்கு ஒரே ஷீட்டில் இரண்டு காலெண்டர் வேண்டுமென்றால் இழுபறிதான், ஊருக்கு ஒரு ஷீட் வைப்பது நல்லது. ஆள் கணக்கில் சந்தா என்பதால், சைட்டில் ஆறு பேர் அப்டேட் செய்யும் இடங்களில் வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆட்கள் பல ஊரில், வேலைகள் ஒன்றையொன்று நம்பியவை, புராஜெக்ட் தெரிந்த ஆள் இல்லை என்கிற இடத்துக்கு இது பொருத்தம்.

## ஏர்டேபிள், நோஷன்

தகவல்களை அட்டவணையாகவும் குறிப்பாகவும் வைக்கும் இணையக் கருவிகள் இவை. ஏற்கெனவே இவற்றில் குழு பழகியிருந்தால் மட்டும் எடுங்கள். ஏர்டேபிளில் வேலைநாள் ஃபார்முலா இருக்கிறது, ஆனால் சனி ஞாயிறு லீவு என்பது அதில் மாற்ற முடியாதது, விடுமுறைகளையும் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுத்தாகக் கொடுக்க வேண்டும். ஆறு நாள் வாரத்துக்கு உதவாது. நோஷனில் வேலைநாளுக்கென்று ஃபார்முலாவே கிடையாது. கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாள்காட்டிக் கணக்கு போதுமென்றால் இரண்டுமே அழகாகச் செய்யும். எழுத்து, வடிவமைப்பு வேலை செய்யும் சிறு குழுக்களுக்கு அது போதும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | எக்செல், கூகுள் ஷீட்ஸ் | மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் | ஸ்மார்ட்ஷீட் | ஏர்டேபிள், நோஷன் |
|---|---|---|---|---|
| ஆறு நாள் வாரம் | எளிது | எளிது, அமைக்க வேண்டும் | அமைப்பில் மாற்றலாம் | கஷ்டம் |
| இரண்டு ஊர்க் காலெண்டர் | இரண்டு பட்டியல், ஒரு இஃப் | இயல்பாக உண்டு | தனித்தனி ஷீட் நல்லது | இல்லை |
| சங்கிலி வேலைகள் | சிறிதளவு | மிக நன்று | நன்று | ஃபார்முலாவால் இல்லை |
| மணிக் கணக்கு | நாள் கணக்குக்கே ஏற்றது | நன்று | நாளே சௌகரியம் | பொருந்தாது |
| முதல் கெடு | கையால் ஒட்டி வைக்கணும் | பேஸ்லைன் | பேஸ்லைன் உண்டு | கையால் |
| ராத்திரி லீவு சேர்க்க | கூகுள் ஷீட்டில் போன் போதும் | கணினி வேண்டும் | உரிமை உள்ளவர் செய்யலாம் | ஃபார்முலாவைத் திருத்தணும் |
| மறைந்து நிற்கும் பிழை | தேதி வடிவம், அழிந்த ஃபார்முலா | தலைப்பு வரி, 480 நிமிடம் | பழைய 'இன்று' | லீவைக் கணக்கில் எடுக்காமை |

இரண்டு ஊரில் ஆள் வைத்து, ஆறு நாள் வேலை பார்க்கும் பத்து இருபது பேர் நிறுவனத்துக்கு என் தேர்வு கூகுள் ஷீட்ஸ்தான். மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காலெண்டர் வாரத்துக்கு வாரம் மாறும் ஊர் இது. அதை யார் வேண்டுமானாலும் போனில் திருத்த முடிவது பெரிய பலம். ஷட்டவுன் வேலைக்கும், தாமத அபராதம் உள்ள ஒப்பந்தத்துக்கும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட். அங்கே ஷீட்டில் மிச்சம் பிடிப்பது ஒரு நாள் அபராதத்துக்கே காணாமல் போகலாம்.

## அமைத்ததும் போட்டுப் பார்க்க ஐந்து வரிகள்

எந்தக் கருவியானாலும் உண்மையான வேலைகளை ஏற்றும் முன் இந்த வரிகளை அடித்துப் பாருங்கள். விடைகள் ஞாயிறு மட்டும் லீவு என்ற கணக்கில்.

1. 2024 ஆகஸ்ட் 12 முதல் 21 வரை: கடலூர் 8, புதுச்சேரி 7.
2. ஒரே வேலைநாளில் தொடங்கி முடியும் வேலை: 1. ஏதாவது 0 காட்டினால், அது தேதிகளைக் கழிக்கிறது, நாட்களை எண்ணவில்லை.
3. ஞாயிறு ஒரு நாள் மட்டும்: 0. இதன் சதவீதம் கேட்டால் பூஜ்ஜியத்தால் வகுக்கும் பிழை வரும், அதற்கு ஒரு இஃப் போட்டு வையுங்கள்.
4. அடுத்த மாதம் தொடங்கும் வேலை: முடிந்திருக்க வேண்டியது 0 சதவீதம், மைனஸ் கூடாது.
5. முடிவுத் தேதி காலியான வேலை: விடையும் காலி. ஷீட்டில் கவனிக்காவிட்டால் காலி இடத்தை 1900-ஐ ஒட்டிய தேதியாக எடுத்துக்கொண்டு பல்லாயிரம் நாள் மைனஸ் காட்டும்.

முதல் வரி மட்டும் புதுச்சேரிக்கும் 8 என்று வந்தால், அது ஃபார்முலா பிழையாக இருக்காது. விடுமுறைப் பட்டியலில் ஆகஸ்ட் 16-ஐ யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.